கிராண்ட் கேன்யனில் விடியலையும் அந்தியையும் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்துப் போட்டிருக்கும் கிராண்ட் கேன்யன், ஆற்றின் போக்கில் அளந்தால் 446 கிலோமீட்டர் நீளம். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர் வரை போகிறது. ஆழம் ஒரு மைலைத் தாண்டுகிறது. இத்தனை பெரிய பள்ளத்தைக் கேமராவில் பிடிக்கக் கிளம்பும் நண்பர்களும் உறவினர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். வேறு இடம் என்று சொல்லாதவரை எல்லாப் பதில்களும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் தெற்கு விளிம்பைப் பற்றியவை.

சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும்?

ஜூன் கடைசியில் சூரியன் காலை 5.10 வாக்கில் உதித்து இரவு 7.50 வாக்கில் மறைகிறது. டிசம்பர் கடைசியில் காலை 7.35, மாலை 5.15. இந்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, மறைவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காரை நிறுத்திவிட்டு ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கிடைப்பது ஆரஞ்சு வானமும் அதன் கீழே ஒரு கறுத்த பள்ளமும்தான்.

சூரியன் தாழத் தாழ, மேற்குப் பக்கத்துக் குன்றுகளின் நிழல் எதிர்ச் சுவர்களின் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கையில் பள்ளத்தில் பாதி வெயில், பாதி நிழல். குன்றுகளின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். அரை மணி இருக்கையில் குன்றுகளின் தோளுக்கு மேல் மட்டும் வெயில். கடைசிச் சில நிமிடங்களில் உச்சிகளில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, அவ்வளவே. ஆகவே மாலையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே ட்ரைபாடை, அதாவது கேமரா முக்காலியை, ஊன்றிவிடுங்கள். காலையில் 45 நிமிடம் முன்னதாக வந்தால் போதும். ஆனால் சூரியன் தலைகாட்டியதும் கிளம்பிவிடாமல் இன்னும் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வெளிச்சம் உச்சியிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கும். அந்த இறக்கம்தான் படம்.

அப்படியானால் சூரியனைப் படமெடுக்கவே வேண்டாமா?

எடுக்கலாம், ஒன்றிரண்டு. ஆனால் உலகத்தில் எந்தக் கடற்கரையில் நின்றாலும் அதே சூரியன்தான். இங்கே மட்டுமே கிடைப்பது பாறைமீது வெளிச்சமும் நிழலும் நடத்தும் விளையாட்டு. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அது எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். கூட்டம் முழுக்க ஒரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் எதிர்த்திசையில் லென்ஸைத் திருப்பினால் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

சூரியன் படச் சட்டத்துக்குள் வந்தே ஆக வேண்டுமென்றால் அதை ஒரு மரக்கிளையிலோ பாறை விளிம்பிலோ பாதி மறைத்து, லென்ஸின் ஒளித்துளையை எஃப் 16க்குக் குறுக்குங்கள் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). கதிர்கள் நட்சத்திரமாகப் பிரியும். பெரிய லென்ஸ் வழியே நேராகச் சூரியனைக் கண்ணால் பார்க்காதீர்கள்.

சூரியன் மறைந்த பிறகு எல்லாரும் கிளம்புகிறார்களே, நானும் கிளம்பலாமா?

இருபது நிமிடம் பொறுங்கள். நேர்வெயில் போனதும் பள்ளத்துக்குள் இருந்த கடும் நிழலும் போய்விடுகிறது. வானம் முழுக்க ஒரே சீரான, மெல்லிய ஒளியைக் கீழே இறக்கும்போது, பகலில் கருநிழலுக்குள் ஒளிந்திருந்த பாறை வரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். கிழக்கு வானில் அடிவானத்தையொட்டி ஒரு சாம்பல்நீலப் பட்டையும் அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டையும் எழுவதைக் காணலாம். கீழே இருக்கும் நீலப்பட்டை பூமியின் நிழல். விடியலுக்கு முன்பு இதே காட்சி மேற்கு வானில் கிடைக்கும். ஷட்டர் பல விநாடிகளுக்கு நீளும் என்பதால் ட்ரைபாட் இல்லாமல் முடியாது.

ஒரே ஒரு வேளைதான் முடியும் என்றால் விடியலா, அந்தியா?

விடியல். கூட்டம் குறைவு, பெரும்பாலும் காற்றும் அடங்கியிருக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். குழந்தைகளை எழுப்புவது உங்கள் பாடு.

எந்த முனையில் நிற்பது? வரைபடத்தில் முப்பது பெயர்கள் இருக்கின்றனவே!

முதல் முறை வருகிறவர்களுக்கு மேதர் முனை. பார்வையாளர் மையத்தின் வாகன நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடை, கம்பித் தடுப்பு இருக்கிறது, முதியவர்களும் வரலாம். அதனாலேயே கூட்டமும் அங்கேதான். கூட்டத்திலிருந்து விலக வேண்டுமானால் விளிம்புப் பாதையில் யவபாய் முனை பக்கமாக நடந்துகொண்டே இருங்கள். கொஞ்ச தூரத்திலேயே உங்களுக்கென்று ஒரு பாறை கிடைத்துவிடும்.

விடியலுக்கு என் முதல் தேர்வு யாக்கி முனை. தனியார் வாகனங்களுக்கு ஆண்டு முழுவதும் அனுமதி இல்லை. பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். இங்கிருந்து வடக்கே பார்த்தால் ஸொராஸ்டர் குன்றும் அதன் பின்னால் பிரம்மா குன்றும். கிழக்கே விஷ்ணு குன்று. தமிழர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டதும் நான் கதை விடுகிறேன் என்றே நினைக்கிறார்கள். 1880களில் இந்தப் பகுதியை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளருக்குக் கீழைச் சமயங்களின்மேல் இருந்த ஈடுபாட்டால் இங்குள்ள குன்றுகளுக்கு அப்படிப் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்களும் அதே வழியில் போனார்கள். சிவன், ராமன், கிருஷ்ணன், புத்தர், மனு எல்லாரும் வரைபடத்தில் இருக்கிறார்கள்.

யாக்கியில் விடியும்போது கவனிக்க வேண்டியது ஸொராஸ்டர் குன்றின் கிழக்கு முகம். முதலில் உச்சிக்குக் கீழேயுள்ள வெளிர்நிறப் பாறை மட்டும் பற்றிக்கொள்ளும். அது கொகொனினோ மணற்கல். சற்று நேரத்தில் வெளிச்சம் அதன் கீழுள்ள செம்மண் சரிவுகளைத் தொடும். பிறகு ரெட்வால் என்ற செங்குத்துச் சுவரில் இறங்கும். அந்தச் சுவர் உண்மையில் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். மேலடுக்குகளிலிருந்து வழிந்த இரும்புத் துருவின் பூச்சுதான் சிவப்பாகத் தெரிகிறது. இதே நேரத்தில் கிழக்கே விஷ்ணு குன்று வெறும் நிழலுருவமாக, அடுக்கடுக்கான நீல மூட்டத்தின் நடுவில் நிற்கும். திரும்பித் திரும்பி இரண்டையும் எடுக்கலாம்.

அந்திக்கு ஹோப்பி முனை பெயர் பெற்றது. பள்ளத்துக்குள் நன்றாக நீட்டிக்கொண்டிருப்பதால் கிழக்கும் மேற்கும் திறந்து கிடக்கும், ஆறும் தெரியும். ஆனால் மாலையில் அங்கே திருவிழாக் கூட்டம். இருட்டிய பிறகு எல்லாரும் ஒரே பேருந்துக்கு வரிசையில் நிற்பார்கள். அதே சாலையில் அடுத்து வரும் மொஹாவி முனையிலும் பிமா முனையிலும் காட்சி ஒன்றும் குறைந்துவிடாது, தோளிடிக்காமல் நிற்கலாம். ஹெர்மிட் சாலை என்னும் இந்தச் சாலையில் மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை சொந்த வண்டிக்கு இடமில்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மட்டும் காரில் போகலாம். கடைசிப் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரை விட்டு இறங்க மனமில்லாதவர்களுக்கு டெசர்ட் வியூ சாலை. தெற்கு விளிம்பிலுள்ள கிராண்ட் கேன்யன் கிராமத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிராண்ட்வியூ, மோரன், லிபான், நவாஹோ என்று முனைகள் வரிசையாக வரும். என்னைக் கேட்டால் தெற்கு விளிம்பில் அந்திக்கு லிபானை அடித்துக்கொள்ள இடமில்லை. கீழே ஆறு வளைந்து நெளிந்து வருவது முழுசாகத் தெரியும்; வடகிழக்கே மேற்கு நோக்கி நிற்கும் 'பாலைவன மதில்கள்' என்னும் நெடிய செங்குத்துப் பாறைத்தொடர், மற்ற இடமெல்லாம் நிழலுக்குள் போன பிறகும் எரிந்துகொண்டிருக்கும். சாலையின் கிழக்குக் கோடியில் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932இல் கட்டப்பட்ட காவற்கோபுரம் நிற்கிறது. வானத்தில் மேகம் இல்லாத மாலையில், வெறும் பள்ளத்தை மட்டும் எடுத்து அலுத்தவர்களுக்கு அந்தக் கல் கோபுரம் நல்ல முன்னணி, அதாவது படத்தில் முன்னால் நிற்கும் பொருள்.

எந்த மாதம் நல்லது?

அழகுக்கு ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. பாலைவனத்துக்கும் ஒரு பருவமழை உண்டு. மதியம் இடிமேகம் திரண்டு, மாலையில் பொத்துக்கொண்டு ஊற்றி, மேகத்தின் ஓட்டை வழியே வெயில் கம்பியாக இறங்கும். எதிர்ப்பக்கம் மழைத்திரை தொங்க இந்தப் பக்கம் வெயில் அடித்தால் வானவில்லும் கிடைக்கும். மேகமற்ற ஜூன் வானம் படத்துக்குப் பெரிய ஏமாற்றம். விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான்.

குளிர்காலத்துக்கு வேறொரு சிறப்பு. தெற்கு விளிம்பின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். உதகமண்டலத்தைவிடச் சற்றே குறைவு, ஆனால் இங்கே பனி கொட்டும். சிவந்த அடுக்குகளின் மேல் வெண்பனி வரிவரியாகத் தங்கும்போது பாறையின் அமைப்பு துல்லியமாகத் தெரியும். மழையோ பனியோ பெய்து ஓய்ந்த அடுத்த காலையில், ஈரமான குளிர்காற்று பள்ளத்துக்குள் தங்கி, மேலே சூடான காற்று மூடிபோல் அழுத்திவிட்டால், பள்ளம் முழுக்க மேகத்தால் நிரம்பிவிடும். 2013 நவம்பர் இறுதியில் விளிம்புவரை அப்படி நிரம்பிய படங்கள் உலகமெங்கும் சுற்றின. இதற்கெல்லாம் நாள் குறித்துப் பயணம் போட முடியாது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் அலாரத்தை மட்டும் அணைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சூரியன் உதிக்கும், மறையும் திசை ஆண்டு முழுக்க நகர்கிறது. ஜூனில் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், வடக்கு நோக்கி நிற்கும் தெற்கு விளிம்புக்காரருக்குச் சூரியன் பள்ளத்தின் மேலேயே வந்து போகும். டிசம்பரில் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறையும். அதாவது உங்களுக்குப் பின்னால், விளிம்புக் காட்டின் மேல். அப்போது சூரியன் படத்துக்குள் வராது, ஆனால் நாள் முழுக்கத் தாழ்ந்த பக்கவெளிச்சம் எதிர்ச்சுவரில் விழும். நண்பகலிலும் நிழல் நீளமாக இருக்கும். பாறைக்காகப் போகிறவருக்குக் குளிர்காலம், சூரியனுக்காகப் போகிறவருக்குக் கோடை.

லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் போய் வர முடியுமா?

தெற்கு விளிம்புக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர். நாலரை மணி நேரம். போய்த் திரும்பலாம், ஆனால் விடியலும் அந்தியும் இரண்டுமே கைநழுவும். ஓர் இரவு தங்குங்கள்.

லாஸ் வேகஸில் 'கிராண்ட் கேன்யன் சுற்றுலா' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி மேற்கு விளிம்புக்குப் போவது. அது வாலபாய் பழங்குடி மக்களின் நிலம். தேசியப் பூங்காவின் சீட்டு அங்கே செல்லாது. மேதரும் ஹோப்பியும் லிபானும் அங்கே இல்லை. கண்ணாடித் தரையுள்ள ஸ்கைவாக் பார்க்க ஆசையென்றால் தாராளமாகப் போங்கள். எங்கே போகிறோம் என்று தெரிந்து பணம் கட்டுங்கள்.

என் மொபைலும் காரும் வேறுவேறு மணி காட்டுகின்றனவே?

அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பக்கத்து யூட்டா மாற்றுகிறது. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ நிலமும் மாற்றுகிறது. மானுமென்ட் வேலியிலிருந்து கோடையில் வருகிறவர்களின் மொபைல் ஒரு மணி நேரம் முன்னே போய்க் குழப்பும். மொபைலில் நேர மண்டலத்தைக் கையாலேயே, அரிசோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸ் என்று நிறுத்திவிடுங்கள்.

அகலக் கோண லென்ஸ் வாங்கினால்தானே முழுப் பள்ளமும் வரும்?

முழுப் பள்ளமும் வரும். பள்ளத்தின் பிரமாண்டம் வராது. அகலக் கோணம் தூரத்துப் பொருளை மேலும் சின்னதாக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் எதிர்ச்சுவர் ஒரு பழுப்புக் கோடாகச் சுருங்கிவிடும். பார்த்தபோது மூச்சு நின்றது, படத்தில் ஒன்றுமே இல்லை என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

தூரத்தை நெருக்கிக் காட்டும் 70-200 மில்லிமீட்டர் டெலி லென்ஸ்தான் இங்கே உழைக்கும். ஒரு குன்று, அதில் ஏறும் நிழல்கோடு, பின்னால் மங்கிப்போகும் நான்கு மடிப்புகள்: ஒரு படத்துக்கு இவ்வளவு போதும். அகலக் கோணத்தை எடுத்தால் முன்னணியில் கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்கட்டும். முறுக்கிய ஜூனிப்பர் மரம், மழைநீர் தேங்கிய பாறைக்குழி, ஒரு மனிதர். அளவு என்னவென்று கண்ணுக்குச் சொல்ல ஏதோ ஒன்று வேண்டும். இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றிப் போட வேண்டாம். விளிம்பில் புழுதி நிறையப் பறக்கும், சென்சாரில் ஒட்டிய துகள் நீல வானத்தில்தான் முதலில் தெரியும்.

எக்ஸ்போஷர் எப்படி வைப்பது? வானம் சரியாக வந்தால் பள்ளம் கறுத்துவிடுகிறது.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, துளை எஃப் 8 அல்லது எஃப் 11, ஷட்டரை வெளிச்சத்துக்குத் தக்கபடி. படத்தை ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா திருத்தாமல் வைக்கும் கோப்பாக, எடுங்கள். வானத்துக்கும் நிழலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பல கேமராக்களின் சக்திக்கு மீறியது. ட்ரைபாடில் ஒரே சட்டத்தை மூன்று எக்ஸ்போஷரில், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) எடுத்துவைத்தால் பிறகு இணைத்துக்கொள்ளலாம். அல்லது நிழலை நிழலாகவே விட்டுவிடுங்கள். கறுப்பு இருந்தால் குற்றமில்லை. எல்லா மூலையையும் வெளுக்க வைத்த படங்களைப் பார்த்தால் அங்கே பொழுது சாய்ந்தது போலவே தெரிவதில்லை.

பலர் கவனிக்காத ஒன்று: சிவந்த பாறையில் சிவந்த வெயில் விழும்போது சிவப்பு அலைவரிசை மட்டும் தனியாக நிரம்பி வழியும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் வரைபடம் பத்திரம் என்று சொல்லும். படத்திலோ பாறையின் நுணுக்கம் அழிந்து ஒரே செக்கச்சிவப்புத் திட்டாக இருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொண்டு, சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். அந்தி வெளிச்சத்தின் மஞ்சளை ஏதோ கோளாறு என்று நினைத்துக் கேமரா திருத்திவிடும். பகல்வெளிச்சத்தில் நிறுத்திவிட்டால் வெயில் பட்ட இடம் சூடாகவும், வானத்தின் நீலத்தை மட்டும் வாங்கும் நிழல் குளிராகவும் வரும்.

போலரைசர் ஃபில்டர் வேண்டுமா?

பக்கவெளிச்சத்தில் 70 மில்லிமீட்டருக்கு மேல் உதவும். பாறையின் பளபளப்பைக் குறைத்து நிறத்தைத் தூக்கும். அகலக் கோணத்தில் போட்டால் சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் வானம் கறுத்து, மற்ற இடம் வெளிறி, சரியாகச் சுண்ணாம்படிக்காத சுவர் மாதிரி ஆகிவிடும். விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் கழற்றிவிடுங்கள். வீணாக வெளிச்சத்தைத் தின்னும்.

தூரத்தில் எல்லாம் நீலமாக மங்கலாகத் தெரிகிறதே, கேமரா கோளாறா?

இல்லை. உங்களுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் காற்று இருக்கிறது. அது நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. கோடையில் காட்டுத்தீப் புகையும், பூங்காவே திட்டமிட்டு வைக்கும் தீயின் புகையும் சேர்ந்துகொள்ளும். மழைக்குப் பின் காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

மூட்டத்தை எதிரியாக நினைக்க வேண்டாம். சூரியனை நோக்கிப் பார்த்தால் அது ஒவ்வொரு மடிப்பையும் முந்தியதைவிட ஒரு படி வெளிறச் செய்து ஆழத்தைக் காட்டும். அப்போது டெலி லென்ஸில் எடுத்த நீல அடுக்குகள், தெளிவான நாளில் எடுத்த பத்துப் படங்களைவிட நன்றாக இருக்கும்.

மொபைல் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

தாராளமாக. நான்கு விஷயங்கள் போதும். லென்ஸைத் துடையுங்கள். திரையில் பிரகாசமான இடத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, சற்றே இறக்குங்கள். அகலக் கோணமான 0.5 மடங்குக்குப் போவதற்குப் பதிலாக மொபைலில் உண்மையான டெலி லென்ஸ் இருந்தால் அதற்குப் போங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சில மீட்டர் தூரம்கூடத் தாண்டாத அந்த விளக்கைப் பதினாறு கிலோமீட்டர் அகலப் பள்ளத்தை நோக்கி அடிப்பவர்களை ஒவ்வொரு மாலையும் பார்க்கலாம்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். அவர்களையும் பள்ளத்தையும் சேர்த்து எடுப்பது எப்படி?

அஸ்தமனத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு, மேதர் அல்லது யவபாயில். சூரியனை அவர்கள் பின்னால் வைத்தால் முகம் இருண்டுவிடும். பக்கவாட்டில் வரும்படி நிறுத்துங்கள். மேற்சொன்ன ஃபிளாஷுக்கு இங்கே மட்டும் வேலை உண்டு. அவர்களைப் பள்ளத்தின் ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். கம்பியிலிருந்து நாலடி உள்ளே நிற்கச் சொல்லி, நீங்கள் பின்னால் போய் நீள லென்ஸில் எடுத்தால் பின்னணிக் குன்றுகள் பெரிதாக நெருங்கி வரும். அம்மாவின் முந்தானையைக் காற்று விடாது. ஒரு சால்வை எடுத்துப் போங்கள். உயரத்தால் மூச்சு வாங்கும். நடையை மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

கூடாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை.

முந்தைய காலத்தில் இங்கே எப்படிப் படமெடுத்தார்கள்?

கேட்டதற்கு நன்றி, இது எனக்குப் பிடித்த கதை. எல்ஸ்வொர்த், எமரி என்ற கோல்ப் சகோதரர்கள் 1904இல் தெற்கு விளிம்பில், பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு ஸ்டூடியோ கட்டினார்கள். காலையில் கோவேறு கழுதையில் பள்ளத்துக்குள் இறங்கும் பயணிகளைப் படமெடுப்பார்கள். படத்தைக் கழுவ விளிம்பில் நல்ல தண்ணீர் இல்லை. ஆகவே கண்ணாடித் தகடுகளோடு எமரி, பயணிகளை முந்திக்கொண்டு பாதையில் 7 கிலோமீட்டருக்கு மேல் கீழே ஓடுவார். இன்று ஹவாசுபாய் தோட்டம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த ஊற்றில் கழுவிவிட்டுத் திரும்ப மேலே ஏறி, பயணிகள் வந்து இறங்கும்போது படத்தை விற்கத் தயாராக நிற்பார். ஏற்றம் மட்டுமே 900 மீட்டருக்கு மேல். 1911-12இல் இருவரும் படகில் கொலராடோ ஆற்றில் இறங்கி அதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். 1976இல் எமரி இறக்கும்வரை அந்தப் படம் ஸ்டூடியோவில் ஓடியது. கட்டடம் இன்றும் அங்கேயே இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அலுத்துக்கொள்ளும்போது எமரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. பெரும்பாலான இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே ஓரடி பின்னால் வைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. நகர வேண்டுமானால் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நகருங்கள். விடியலுக்கு முன் வருகிறவர்களுக்குத் தலையில் மாட்டும் விளக்கு கட்டாயம். குளிர்காலத்தில் பாதையில் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும். காலணியில் மாட்டும் இரும்பு முள் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரி சாதாரணம். பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள். அறைக்குள் நுழைவதற்கு முன் கேமராவைப் பைக்குள் மூடிவிட்டால் லென்ஸில் ஆவி படியாது.

கோடை இடிமழையில் இடி காதில் விழுந்தாலே விளிம்பை விட்டுக் காருக்குள் போய்விடுங்கள். மின்னல் படம் எடுப்பதாக இருந்தால் காருக்குள்ளிருந்தே எடுங்கள். விளிம்பில் ட்ரைபாடோடு நிற்பவர்தான் அந்த வட்டாரத்தில் உயரமான பொருள்.

அந்தி முடிந்து திரும்பும் சாலையில் எல்க் மான்கள் குறுக்கே வரும். குதிரை அளவு உடம்பு. நிதானமாக ஓட்டுங்கள். கையை நீட்டிச் சாப்பாடு கேட்கும் அணில்களும் கடிக்கும்.

வடக்கு விளிம்புக்குப் போகலாமா?

எதிரே கண்ணுக்குத் தெரிகிறது; நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர். காரில் ஏறத்தாழ 345 கிலோமீட்டர். வழக்கமாக மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மட்டுமே முழுமையாகத் திறந்திருக்கும். கேப் ராயல் முனையின் அந்தியைப் பார்த்தவர்கள் தெற்கைப் பற்றிப் பேசமாட்டார்கள். விஷ்ணு குன்று அங்கே கிட்டத்தில் நிற்கும். ஆனால் 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் அங்கிருந்த பழம்பெரும் விடுதி எரிந்து, வடக்கு விளிம்பு மூடப்பட்டது. போகுமுன் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் என்ன திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

ஒரு காருக்கு 35 டாலர். ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல் என்று ஆகியிருக்கிறது. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வருகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாட் வைத்துச் சொந்தத்துக்குப் படமெடுக்கத் தனி அனுமதி எதுவும் வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறம் சப்பென்று இருக்கிறது. எவ்வளவு ஏற்றலாம்?

நிறத்தைத் தொடுவதற்கு முன் கறுப்பை ஆழமாக்குங்கள். ரா கோப்பு எப்போதும் சோகையாகத்தான் தெரியும். பாதிப் படங்களுக்கு நிழலை இறக்கினாலே போதும், பாறையின் நிறம் தானாக எழும். படம் திருத்தும் மென்பொருளில் மூட்டம் நீக்கும் பட்டனைப் பத்துக்கு மேல் தள்ளினால் அடுக்குகளின் ஆழம் போய்விடும். வானத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சலும் கிளம்பும். நிறச் செறிவை ஏற்றுவதானால் நீலத்தையும் சிவப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். கொகொனினோ வரி இன்னும் வெளிர் மஞ்சளாகவே தெரிகிறதா என்று பாருங்கள். அது ஆரஞ்சாக மாறியிருந்தால் அதிகம் போய்விட்டீர்கள், இரண்டு படி திரும்பி வாருங்கள்.